ஒட்டுத்துணி

கை மறுபடியும் நின்றுவிட்டது.

நிற்பது அதற்குப் புதிதில்லை. ஆள் உடம்பு பட்டால் நின்றுவிட வேண்டும் என்றே செய்யப்பட்ட கை அது. மனிதரோடு ஒரே மேசையில் வேலை பார்க்கிற எந்திரம் என்பதால், பக்கத்தில் இருப்பவரின் விரலோ முழங்கையோ லேசாக உரசினாலும் அந்த இடத்திலேயே உறைந்துவிடும். மணிக்கட்டைச் சுற்றி எரியும் பச்சை விளக்கு சிவப்பாகிவிடும். உரசியவர் விலகிக்கொண்டால் மறுபடி பச்சை. இதெல்லாம் வேம்புவுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான். இப்போது உரசியவர் யார்? அவள் மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் காலி ஸ்டூல் ஒன்று மட்டும் கிடந்தது.

சிமெண்ட் ஆலைத் தொழிலாளி ஒருவரின் காக்கிக் கால்சட்டை, முழங்கால் கிழிசல் பாதி தைத்தும் பாதி தைக்காமலும் மேசைமேல் கிடக்க, அதற்கு மேலே ஊசி நூலோடு அந்தரத்தில் நின்றது. வேம்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். யாரோ விலக மனமில்லாமல் அங்கேயே சாய்ந்துகொண்டிருப்பதைப் போல விளக்கு சிவப்பாகவே எரிந்தது. பிறகு பச்சையானது. கை தன்பாட்டுக்கு விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கியது.

"இன்னிக்கும் ஆரம்பிச்சுருச்சா? மழை வந்தாலே இதுக்குக் குளுரு எடுத்துக்குது," என்று அடுத்த மேசையிலிருந்த கமலவேணி சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே வாயை மூடிக்கொண்டாள். அந்த ஸ்டூல் யாருடையது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

பெரம்பலூரில் துறையூர் சாலையை ஒட்டிய பழைய அரிசி ஆலை ஒன்றில் நடந்தது அந்தத் தையலகம். பெயர் 'மறுநூல்'. கிழிந்த துணியைக் குப்பையில் எறியவிடாமல் வாங்கி, தைத்து, ஒட்டுப்போட்டு, இன்னும் சில காலம் உடுத்த வைப்பது அதன் வேலை. அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளின் சீருடையும், பள்ளிக்கூடத்துப் பாவாடையும், கல்லூரிப் பிள்ளைகளின் ஜீன்ஸும் மூட்டை மூட்டையாக வரும். வக்கற்றவன்தான் ஒட்டுப்போடுவான் என்ற காலம் போய், ஒட்டுப்போட்டால் பூமி பிழைக்கும் என்கிற காலம் வந்திருந்தது. கந்தலுக்கும் ஒரு காலம் வருமென்று யார் கண்டார்கள் என்பாள் கமலவேணி.

கை வந்து இறங்கிய அன்று அதற்கு ஊசி பிடிக்கக்கூடத் தெரியாது. அதன் மணிக்கட்டிலுள்ள பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்கு 'அ' எழுதப் பழக்குவது போல, துணிமேல் நடத்திக் காட்ட வேண்டும். நடத்தியவரின் வேகம், இழுப்பு, முடிச்சு எல்லாவற்றையும் அது அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். அதைப் பழக்கியவள் கவியா, வேம்புவின் ஒரே மகள். ஒரு கோடை முழுக்க அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, திட்டியும் கொஞ்சியும் பழக்கினாள். எந்நேரமும் அதன் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கிறாள் என்று பெண்கள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்தார்கள். கவியா செத்த பிறகு யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை. இப்போது அது வெறும் கை.

வேம்பு வேலைக்குத் திரும்பியபோது மகளின் மேசையைத்தான் கேட்டு வாங்கினாள். கை தைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல். தையல் திரும்பும் இடத்தில் கவியா ஒரு நொடி தயங்குவாள். கையும் தயங்கும். முடிச்சுப் போட்டதும் துணியை ஒருதரம் தடவிவிடுவாள். இரும்பு விரலும் தடவிவிடும்.

மத்தியானத்துக்கு மேல் மேலாளர் மணிமாறன் வந்தார். நல்ல மனிதர், சொல்ல முடியாததைச் சொல்ல வந்தவர் போல நின்றுகொண்டே இருந்தார்.

"வேம்புக்கா, நாளைக்குக் கோயமுத்தூர்ல இருந்து ஆளு வராங்க. கையி இப்படி நின்னு நின்னு போறதால, உள்ள இருக்கறத அழிச்சுட்டுப் புதுசா பழக்கணும்னு சொல்லிட்டாங்க."

"அழிச்சுட்டுன்னா, எதங்க சார்?"

"பழக்குனது மொத்தமும்தாங்க்கா."

"கவியா பழக்குனதையா?"

மணிமாறன் தரையைப் பார்த்தார். "கேட்டுப் பாத்துட்டேன்க்கா. ஒரு நாளைப் போல ஒரு நாளு இருக்காது, யாருக்காச்சும் ஊசி ஏறிருச்சுன்னா என்ன பண்றதுங்கறாங்க. என் கையில எதுவும் இல்லக்கா."

வேம்பு அழவில்லை. அழுது தீர்த்த கண்ணில் இன்னும் என்ன மிச்சம் இருக்கும்? பெற்றவள் ஒரே பிள்ளையை எத்தனை தரம்தான் பறிகொடுப்பாள் என்று மட்டும் நினைத்தாள். மேசைக்கடியில் வைத்திருந்த தன் பையைக் காலால் துழாவி, அது அங்கேதான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டாள். இன்றைக்கு விட்டால் இனி இல்லை.

வானம் கறுத்துக்கொண்டு வந்ததால் எல்லோரும் சீக்கிரமே கிளம்பினார்கள். மணிமாறன் தைத்து முடித்த சீருடைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அரியலூருக்குப் புறப்பட்டார். மிச்சம் இருக்கும் கால்சட்டைகளை முடித்துவிட்டுப் பூட்டிக்கொள்வதாகச் சொல்லி வேம்பு சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"வாடி, வேப்பந்தட்டை பஸ்ஸு போயிரும்," என்றாள் கமலவேணி.

"நீ போக்கா. வூட்டுக்காரரு வண்டியில வந்து கூட்டிக்கிட்டுப் போறன்னுருக்காரு."

பொய்தான். கமலவேணிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வாசல்வரை போய்த் திரும்பி, காலி ஸ்டூலை ஒரு பார்வை பார்த்து, "ரொம்ப நேரம் இருக்காத," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள்.

கதவைச் சாத்தியதும் தகரக் கூரைமேல் மழை பிடித்துக்கொண்டது. பழைய ஆலையின் தவிட்டு வாசனையும், காக்கித் துணிகளில் எத்தனை துவைத்தாலும் போகாத சிமெண்ட் தூசியின் வாசனையும், எந்திர எண்ணெயின் வாசனையும் ஈரத்தில் ஒன்றாகக் கலந்து அறைக்குள் இறங்கின. வேம்பு பையை மடியில் எடுத்து வைத்து, அதன் அடியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் கவரை வெளியே எடுத்தாள்.

கவியா ரெட்டிபாளையம் பக்கம் ஸ்கூட்டியில் போய்ச் சீருடை மூட்டை எடுத்து வரும் வழியில் ஒரு லாரி. அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றி நினைக்க வேம்புவுக்குத் திராணி இல்லை. ஆஸ்பத்திரியில் உடம்பையும் கொடுத்து, இந்தக் கவரையும் கொடுத்தார்கள். கவருக்குள் அவள் கடைசியாக உடுத்தியிருந்த நீலச் சுடிதார். கழுத்திலிருந்து கீழ்வரை கத்தரியால் நேராக வெட்டி உரித்திருந்தார்கள். செத்தவர் உடம்பில் இருந்த துணியைக் குழியோடு போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. ஊர் வழக்கம் அது. புருஷன் தர்மன் கவரை அவளிடம் கொடுத்து, போட்டுவிடு என்றான். அவள் தன் பழைய சேலை ஒன்றைச் சுருட்டிக் குழியில் போட்டாள். கவரைப் பையில் ஒளித்தாள். அன்றிலிருந்து பை அவளோடு வேலைக்கு வருகிறது, வீட்டுக்குப் போகிறது. கை நிற்கத் தொடங்கியதும் அன்றிலிருந்துதான் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்தும் கவரைத் திரும்ப மூட மனம் வரவில்லை.

மகள் செத்ததைக்கூட அவள் என்றாவது ஒருநாள் ஏற்றுக்கொண்டிருப்பாள். ஏற்க முடியாதது வேறு. உடம்பைக் குளிப்பாட்டும்போது அவள் பார்த்துவிட்டாள். போஸ்ட்மார்ட்டத்துக்குக் கீறிய உடம்பை, கழுத்துக் குழியிலிருந்து தொப்புள்வரை, தடித்த வெள்ளை நூலில், அகல அகலமாக, கோணல்மாணலாக இழுத்துத் தைத்திருந்தார்கள். நெல் மூட்டையின் வாயை அதைவிடப் பதமாகத் தைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத தையல் போடுகிற பெண்ணுக்கு அப்படி ஒரு தையல். "எம் புள்ளைய மூட்ட கணக்கா தச்சு வச்சுருக்காங்களே" என்று அவள் அலறியபோது, பெண்கள் மஞ்சளைப் பூசிப் புதுத்துணியால் மூடிவிட்டார்கள். மூடினால் மறைந்துவிடுமா? சோற்றைப் பிசைந்தால் அந்தத் தையல். கண்ணை மூடினால் அந்தத் தையல். அதைப் பிரித்து ஒழுங்காகத் தைத்து அனுப்பியிருந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று தினமும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். உடம்புக்குச் செய்ய முடியாததை இந்தத் துணிக்காவது செய்ய வேண்டும். அதையும் கவியாவின் கையாலேயே செய்ய வேண்டும். நாளைக்கு அந்தக் கை இருக்காது.

சுடிதாரை விரித்து, வெட்டு விளிம்புகளைச் சேர்த்து, மேசைமேல் கிடத்தினாள். காய்ந்த இடங்கள் அட்டை போல விறைத்திருந்தன. துவைக்காத துணியிலிருந்து இரும்பு வாடையும், அதற்கடியில் மெல்லியதாகக் கவியாவின் பவுடர் வாசனையும் வந்தன. கையை ஓடவிடும் பொத்தானை அமுக்கினாள்.

கையின் கேமரா விளக்கு கழுத்திலிருந்து வெட்டு வழியே கீழே மெதுவாக நகர்ந்தது. போய்த் திரும்பியது. பிறகு ஊசி இறங்கியது.

துணிக்கு ஒரு சாண் மேலே நின்றது. சிவப்பு.

வேம்பு காத்திருந்தாள். மழை இரைந்தது. கை கொஞ்சம் விலகி, தோள் பக்கமாக இறங்கப் பார்த்தது. அங்கேயும் ஒரு சாணில் சிவப்பு. மறு தோள். சிவப்பு. மார்பின் மேட்டில் இன்னும் உயரத்திலேயே நின்றது. வயிற்றில் கொஞ்சம் தாழ்ந்து நின்றது. இடுப்பின் பக்கவாட்டில் வளைந்து வளைந்து நின்றது. நின்ற இடங்களையெல்லாம் கண்ணால் கோத்துக்கொண்டே வந்த வேம்புவுக்கு உடம்பு சில்லிட்டது. யாரோ அந்தச் சுடிதாரை உடுத்திக்கொண்டு மேசைமேல் மல்லாந்து படுத்திருந்தால் எங்கெங்கே நிற்குமோ, சரியாக அங்கங்கேதான் அது நின்றது.

உடம்பில் இருக்கும் துணியைத் தைக்கக் கூடாது என்று சிறுவயதில் எல்லாப் பெண்களுக்கும் சொல்லி வைப்பார்கள். அறுந்த பொத்தானாக இருந்தாலும் கழற்றிக் கொடுத்துத்தான் தைக்க வேண்டும். பிணத்துக்குத்தான் உடம்போடு வைத்துத் தைப்பார்கள்.

"கவியா?"

சுடிதாருக்கு மேலே காற்றில் உள்ளங்கையை நீட்டினாள். எதுவும் தட்டுப்படவில்லை. குளிர்தான். மகளை வீட்டில் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் கை வைத்தபோது இருந்த அதே குளிர்.

கைபேசி அடித்தது. அவள் திடுக்கிட்டு எழுந்தாள். தர்மன்.

"எங்கடி இருக்க? இருட்டிருச்சு."

"வேலையிலதாங்க. மழ விட்டதும் வந்துடறேன்."

அவன் குடித்திருக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"புள்ள வூட்டு வாசல்ல நிக்கிறாப்புல இருந்துச்சு வேம்பு. இப்பத்தான். உள்ள வாடின்னேன், வரல. ரெண்டு கையாலயும் நெஞ்சப் பொத்திக்கிட்டே நின்னா, பிரிஞ்சுரும்ங்கற மாதிரி." அவன் மூச்சு வாங்கினான். "அந்தத் துணிய நீ குழியிலதான போட்ட?"

வேம்பு மேசையைப் பார்த்தாள். "போட்டுட்டேங்க," என்றாள்.

அந்த நேரத்தில் மின்சாரம் போனது. கூடவே பேச்சும் அறுந்தது.

கைக்குத் தனியாகப் பேட்டரி இருந்ததால் அதன் விளக்கு மட்டும் எரிந்தது. அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் மேசையும் நீலத் துணியும் தெரிந்தன, சுற்றிலும் மூட்டைகள் இருட்டில் குந்தியிருந்தன. ஓடிவிடு என்று ஒரு மனம் சொன்னது. கதவு பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்கிற பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாய் ஓடுவாள்? வேம்பு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையின் மணிக்கட்டுப் பொத்தானை அமுக்கிப் பிடித்தாள்.

பழக்குவதற்காகப் பிடித்தால் அது தளர்ந்து கொடுக்கும். நாம் போகிற பக்கம் வரும். இது வரவில்லை. இழுத்தது. அவசரமில்லாமல், விடாமல், கடைத்தெருவில் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற பெண்ணைப் போல இழுத்தது. வேம்பு அதன் போக்கில் விட்டாள். அது கருவிகள் மாட்டியிருக்கும் சட்டத்துக்குப் போய் ஊசியைக் கழற்றி வைத்தது. 'டக்' என்று இன்னொன்றை மாட்டிக்கொண்டது. தையல் பிரிக்கிற கொக்கி.

கோணல் தையல்மேல் இன்னொரு தையல் போடக் கூடாது. முதலில் பிரி. அப்புறம் தை. தொழிலில் முதல் பாடமே அதுதான்.

கை திரும்பி வந்து, சுடிதாரின் கழுத்துக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில் கொக்கியை நுழைத்தது. எதுவோ மாட்டியது. அந்த இழுவையை வேம்பு தன் உள்ளங்கையில் உணர்ந்தாள். கொக்கி அழுத்தியது. 'பட்'.

நீலத் துணியின்மேல் ஒரு துண்டு நூல் விழுந்தது. தடித்த வெள்ளை நூல். ஈரமாக இருந்தது.

அவளுக்கு அந்த நூலை அடையாளம் காட்ட யாரும் வேண்டியதில்லை. பயந்திருக்க வேண்டும். ஆனால் வெட்கம் கெட்ட ஒரு சந்தோஷம்தான் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. தினமும் கேட்டது கிடைத்துவிட்டது. அவள் இரண்டு கையாலும் இரும்பு மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள்.

"பிரிச்சு உட்டுடறன்டி தங்கம். அம்மா பிரிச்சு உட்டுடறன். நல்லாத் தச்சுக்கலாம்."

பட். இன்னொரு துண்டு. பட். கொக்கி இறங்க இறங்க நூல் துண்டுகள் துணிமேல் சேர்ந்தன. நெஞ்சு. அதற்குக் கீழே. விலா முடிகிற இடம். அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பிரித்தாள். ஒவ்வொன்றும் அறும்போது யாரோ இறுக்கிப் பிடித்த மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது போலிருந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே அது நன்றாகவே கேட்டது. தொப்புளுக்கு மேலே கடைசி முடிச்சு. இறுகிக் கிடந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்தார்கள்.

பட்.

மூச்சுச் சத்தம் நின்றது.

மேசைமேல் சேர்த்து வைத்திருந்த சுடிதாரின் வெட்டு விளிம்புகள், யாரும் தொடாமல், மெல்ல மெல்ல இரண்டு பக்கமும் விலகின. ஈரமான எதுவோ நெகிழ்ந்து கொடுக்கிற சத்தம். பிறகு வாசனை. பவுடர் இல்லை. இரும்பு இல்லை. மழை நின்ற பிறகு தோண்டிய குழியின் மண் வாசனை, அதற்குள்ளே வேறொன்று. வேம்பு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் தான் என்ன செய்திருக்கிறோம் என்பது அவளுக்குப் புரிந்தது.

மூட்டைத் தையலோ எதுவோ, அதுவரைக்கும் அதுதான் பிள்ளையைச் சேர்த்துப் பிடித்திருந்தது.

"தை," என்றாள். "தைடி. சீக்கிரம் தச்சுரு."

கை அவளை விட்டு விலகிப் போய் ஊசியை மாட்டிக்கொண்டு வந்தது. காற்றில் ஒரு பக்கம் ஊசி ஏறியது. மறுபக்கம் ஏறியது. நூல் இழுபட்டது. இழுபட்ட வேகத்தில் இரண்டு பக்கத்தையும் கிழித்துக்கொண்டு வெறுமனே வெளியே வந்தது. மறுபடி. மறுபடியும் கிழிந்தது. குழிக்குள் ஒரு மழைக்காலம் கிடந்த விளிம்பு. நைந்த துணியை இழுத்துத் தைத்தால் ஊசித் துளையிலேயே பிய்த்துக்கொண்டு போகும் என்பது அவளுக்குத் தெரியாதா? ஒட்டுப் போட்டாக வேண்டும்.

கைக்கும் அது தெரிந்திருந்தது. கேமரா விளக்கு திரும்பி ஒட்டுத்துணிக் கூடைக்குப் போனது. ஒரு துண்டை எடுத்து வந்து காற்றில் வைத்துப் பார்த்தது. கீழே போட்டது. இன்னொன்று. பொருந்தவில்லை. பட்டு. பொருந்தவில்லை. பிஞ்சுக் குழந்தையின் சட்டையில் வெட்டிய மெல்லிய மல் துணி. அதை மட்டும் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தது. அதையும் போட்டது. கூடை காலியாகும்வரை பார்த்தது.

கவியா கூடையிலிருந்து ஒட்டு எடுக்கவே மாட்டாள். அதே துணியில்தான் எடுப்பாள். எந்தச் சேலையில் கிழிசலோ அதன் உள்மடிப்பில் வெட்டுவாள். அதில் இல்லையென்றால், அது எந்தப் பீஸிலிருந்து வெட்டியதோ அந்தப் பீஸைத் தேடிக்கொண்டு போவாள். ஒரே நெசவு. அப்போதுதான் ஒட்டு தெரியாது.

வெளிச்சம் மேசைமேல் ஊர்ந்து வந்தது. சுடிதாரைத் தாண்டியது. நூல் துண்டுகளைத் தாண்டியது. மேசை விளிம்பில் ஊன்றியிருந்த வேம்புவின் கைமேல் ஏறி, புறங்கையில் நின்றது.

அவள் அசையவில்லை.

வெளிச்சம் மணிக்கட்டுக்கு வந்தது. முழங்கைக்கு. பொறுமையாக, தோலின் ஒவ்வொரு ரேகையாக. பிறகு விளக்கு பச்சையானது. கையோடு பொருத்திய சிறு திரையில் எழுத்துகள் வந்தன: பொருந்துகிறது.

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். வரவில்லை.

எந்திரம் அவளைத் தொடவேயில்லை. அது எட்டவே நின்றது. ஆனால் அவள் மணிக்கட்டைச் சுற்றிக் குளிர்ந்த ஐந்து விரல்கள். கட்டை விரல் தோலை ஒரு பக்கம் தள்ள, மற்றவை மறுபக்கம் இழுத்துச் சுருக்கம் எடுத்தன. வெட்டுவதற்கு முன்னால் துணியைச் சமப்படுத்துவது போல.

"அம்மாடி," என்றாள். "அம்மாடி, வேண்டாம்டி."

பிடி தளரவில்லை. இறுகவுமில்லை.

மேசை ஓரத்தில் அவசரத்துக்கு நிறுத்துகிற பெரிய பொத்தான். அழுத்தினால் எல்லாம் அணையும். இடது கை எட்டியது. விரல் அதன்மேல் பட்டுவிட்டது.

அழுத்தினால் கை செத்துவிடும். நாளைக்கு வந்து அழித்துவிடுவார்கள். பிள்ளை இப்படியே கிடக்கும். பிரித்தபடி. திறந்தபடி. இனி எந்தக் காலத்திலும் மூட ஆளில்லாமல், வாசல் வாசலாக, இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு. பிரித்துவிட்டது யார்? பெற்றவள்.

மழை தகரத்தில் இரைந்துகொண்டே இருந்தது. வேம்பு பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

"எவ்வளவு வேணும்டி?" என்று கேட்டாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

'டக்'. கை ஊசியைக் கழற்றிவிட்டு, துணியில் அளவு குறிக்கிற சாக்கட்டியை எடுத்துக்கொண்டது. அவள் நீட்டிய மணிக்கட்டுப் பக்கம் அது வரவில்லை. நேராக முகத்துக்கு எதிரே உயர்ந்தது. தாழ்ந்தது. கழுத்துக் குழியில் வந்து பதிந்தது.

தொட்டது. உயிருள்ள தோலைத் தொட்டது. விளக்கு பச்சையாகவே எரிந்தது.

சாக்கட்டி கீழே இறங்கியது. நெஞ்சு. ரவிக்கைமேல், நேராக. விலா முடிகிற இடம். தொப்புள். அங்கே கொஞ்சம் தயங்கித் திரும்பி, பக்கவாட்டில் மேலே ஏறத் தொடங்கியது. அகலமும் வேண்டுமல்லவா. கோடு கோணிவிடக் கூடாதே என்று வேம்பு மூச்சை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மேசைமேல், சுடிதாரின் கழுத்துக்கு மேலே, ஊசியில் கோக்க வேண்டிய நூலின் நுனி தானாக எழுந்தது. உதடுகள் இருக்க வேண்டிய உயரத்தில் நின்றது. கொஞ்சம் உள்ளே போய் மறைந்தது. பிறகு எச்சில் பட்டு, முறுக்கி, கூராகி வெளியே வந்தது.